அந்த மண் தரையை மூடாதீர்கள்

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

கடந்த வெள்ளிக்கிழமை என் பேத்தியின் டைரியில் ஒட்டி அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். பள்ளி முற்றத்து மண் தரை முழுவதற்கும் பேவர் பிளாக் போடப்போவதாகவும், வேன்கள் இனி உள்ளேயே நிற்கும் என்றும் அதில் இருந்தது. எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை தினமும் கடைசியாக இருந்த விளையாட்டு பீரியடை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் அபாகஸ் நடத்தப்போகிறீர்கள். விளையாட்டு இனி ஆண்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மட்டும். "சிறு பிள்ளைகள் வீட்டிலேயே ஓடியாடிக்கொள்ள வாய்ப்பு இருப்பதால் பெற்றோர் ஒத்துழைக்கவும்" என்று முடித்திருந்தீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கடலூரைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் 35 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எடுத்தேன். நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியிலும் பி.டி. மாஸ்டர் என்று ஒருவர் இருந்ததில்லை. அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த நாங்களே ஓடவும் குதிக்கவும் பந்து பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தோம். 'சொல்லிக்கொடுத்தோம்' என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பல் முளைக்கிற மாதிரி இதெல்லாம் வயது வந்தால் தானாக வந்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நம்பினேன். வருவதில்லை. நடை தானாக வரும். ஏதோ ஒரு மாதிரி ஓட்டமும் வரும். ஓடிக்கொண்டே சட்டென்று நிற்பது, திரும்புவது, ஒற்றைக் காலில் தாவுவது, குதித்து முட்டி மடக்கி இறங்குவது, வருகிற பந்தைக் கண் மூடாமல் வாங்குவது, இவற்றையெல்லாம் யாராவது காட்டித் தரவேண்டும். அப்புறம் அந்தக் குழந்தை நூறு தடவை செய்து பார்க்க இடமும் நேரமும் வேண்டும்.

போன மே மாதம் குறிஞ்சிப்பாடியிலிருந்து என் தங்கையின் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லோரையும் வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஈர மணலில் பாண்டிக் கட்டம் கீறி, பெரியவள் ஒரு சிப்பியைச் சில்லாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பித்தாள். என் பேத்தியின் முறை வந்தது. ஒரு காலைத் தூக்கினாள். ஒரு தாவல், இரண்டாவதில் தூக்கிய கால் தரைக்கு வந்துவிட்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை அவள் கட்டத்துக்குள் போகவே இல்லை. "எனக்கு விளையாட வராது ஆயா" என்று சொல்லிவிட்டு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வயது முடிந்த, உடம்பில் எந்தக் குறையும் இல்லாத குழந்தை. கூட வந்திருந்த நாலரை வயதுப் பொடியன் ஐந்து கட்டம் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் வீட்டு வாசலில் தினமும் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். அதுதான் வித்தியாசம்.

இதில் எங்கள் வீட்டின் பங்கும் இருக்கிறது. நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில், இரண்டாவது மாடியில். கீழே தெருவில் ஓயாமல் ஆட்டோவும் பைக்கும் போகும். ஏழே முக்காலுக்கு உங்கள் வேன் வரும். குழந்தை வீடு திரும்ப நாலரை ஆகிறது. ஐந்தரைக்கு ட்யூஷன். இந்த வீட்டில், இந்த நேரத்தில் அவள் எங்கே ஓடியாடுவாள்? உங்கள் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய வீடு இப்படித்தான். பள்ளியில் இருக்கிற அந்த மண் தரைதான் நாள் முழுவதிலும் அவர்கள் காலுக்குக் கிடைக்கிற ஒரே இடம்.

விளையாட்டு பீரியட் இருந்தும் அவளுக்கு ஏன் நொண்டியடிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேத்தியைக் கூட்டிவர நான் சில நாள் முன்னதாகவே வந்து கேட்டருகில் நிற்பேன். பாதி நாள் அந்த பீரியடில் பிள்ளைகள் வகுப்பிலேயே நோட்டு முடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே விட்ட நாளில் 38 பிள்ளைகளுக்கு ஒரே பந்து. வட்டமாக நிற்கவைத்து எறியச் சொல்வார்கள். பிடிக்கத் தவறினால் அவுட், போய் மரத்தடியில் உட்காரவேண்டும். ஒரு நாள் நான் எண்ணிப் பார்த்தேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் கைக்குப் பந்து ஏழு முறை வந்தது. என் பேத்திக்கு ஒரு முறை வந்தது. தவறவிட்டாள். மீதி அரை மணி நேரமும் மரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். யாருக்குப் பழக்கம் ரொம்பத் தேவையோ அந்தக் குழந்தைதான் முதலில் வெளியே போகிறது. அந்த மிஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. சின்னப் பெண், காலையிலிருந்து நின்றுகொண்டே பாடம் எடுத்திருப்பாள். இதை எப்படி நடத்தவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நாலு வயதுக் குழந்தையிடம் பந்தை எறிந்து பாருங்கள். இரண்டு கையையும் கட்டை மாதிரி நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளும். பந்து நெஞ்சில் பட்ட பிறகுதான் கட்டிப்பிடிக்கப் பார்க்கும். 'பந்தைப் பாரு' என்று கத்தி ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் முகத்தில் அடிபடுமோ என்று அதற்குப் பயம். அதனால் நான் எறிவதில் தொடங்கவே மாட்டேன். இரண்டிரண்டு பேராகக் காலை விரித்து எதிரெதிரே உட்காரவைத்து உருட்டச் சொல்வேன். அப்புறம் பலூன். பலூன் மெதுவாக இறங்கும், பட்டால் வலிக்காது, கண் அதன் பின்னாலேயே போகும். அதற்கப்புறம் தையற்கடைத் துண்டுத் துணியை இறுக்கிக் கட்டிய துணிப்பந்து. இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து கணக்கில் வகுப்புக்கு இருபது பந்து நானே கட்டி ஒரு சாக்கில் வைத்திருந்தேன். தவறவிட்டால் அவுட் கிடையாது, ஒரு எட்டு முன்னால் வந்து மறுபடி எறியவேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை மாதத்தில் முகம் திருப்புகிற குழந்தை ஒன்றுகூட இருக்காது.

எறிவதும் இப்படித்தான். வலது கையால் எறிகிற பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கும், அல்லது காலை அசைக்கவே அசைக்காது. பந்து அதன் காலடியிலேயே விழும். கோலமாவால் தரையில் ஒரு இடது பாதம் வரைந்துவிட்டு "எறியும்போது இதில் மிதி" என்று மட்டும் சொல்வேன். உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பி, தோள் சுழன்று, பந்து வேப்பமரத்தைத் தாண்டிப் போகும். எறிந்த பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும் நீங்கள்.

நம் ஊர் விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. பாண்டியில் ஒற்றைக் கால் தாவலும், கோட்டை மிதிக்காமல் நிற்கிற நிதானமும். கல்லா மண்ணாவில் ஓடுகிற ஓட்டத்தில் உடம்பை ஒடித்துத் திரும்புவது. முந்திரிக் காட்டுச் சீமையில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் குலைகுலையா முந்திரிக்காய் தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வட்டத்தைச் சுற்றி ஓடும்போது உடம்பை உள்பக்கம் சாய்க்கக் கற்றுக்கொள்வார்கள். உட்கார்ந்திருக்கிற பிள்ளை துணி விழுந்த நொடியில் எழுந்து பாயக் கற்றுக்கொள்ளும். லாக் அண்ட் கீ என்று இப்போது விளையாடுகிறார்களே, அதுவும் எனக்குப் பிடிக்கும். பிடிபட்டவன் வெளியே போகத் தேவையில்லை, காலை அகட்டி நிற்பான், கூட்டாளி தவழ்ந்து வந்து விடுவிப்பான். தவழ்வதும் ஒரு பாடம்தான். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு காலை இழுத்து நடக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளை ஓரமாக உட்காரவைக்க எனக்கு மனமில்லை. விளையாட்டை மாற்றினோம். அவள் நடுவில் நிற்பாள், அவள் எறிகிற துணிப்பந்து யார் மேல் படுகிறதோ அவர்களுக்குப் பூட்டு திறந்துவிடும். வருடக் கடைசியில் அவளைப்போலக் குறி பார்த்து எறிய அந்த வகுப்பில் ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். பள்ளி திரும்பத் திறந்தபோது வராமல் போன பிள்ளைகள் இருந்தார்கள். வந்தவர்கள் சுவரை ஒட்டியே உட்கார்ந்தார்கள். கடல் இருக்கிற திசைக்கு முகம் கொடுத்து ஒருவரும் நிற்கமாட்டார்கள். பாடம் எதுவும் நடக்கவில்லை, நடத்தவும் எங்களால் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து முற்றத்து மண்ணில் வட்டமாக உட்காரவைத்து முந்திரிக்காய் விளையாட்டை ஆரம்பித்தோம். வட்டத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் பாதி தூரம் கடலுக்கு முகம் காட்டித்தான் ஓடவேண்டும். முதல் நாள் அந்தப் பாதி வந்ததும் பிள்ளைகள் நின்றார்கள். மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்கள். பிப்ரவரி வாக்கில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அதைக் கண்ணால் பார்த்தவளிடம் வந்து விளையாட்டு பீரியட் வீண் நேரம் என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

சரி, பேவர் பிளாக்குக்கு வருகிறேன்.

மண்ணில் புழுதி பறக்கிறது, சீருடை அழுக்காகிறது என்று பெற்றோர் சிலர் புகார் செய்ததாகக் கேள்விப்பட்டேன். வேன்கள் ரோட்டில் நிற்பதால் பிள்ளைகள் ஏறி இறங்க ஆபத்து என்பதும் உண்மை. இரண்டையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை குதிக்கக் கற்றுக்கொள்ளும்போது விழும், விழாமல் கற்றுக்கொள்ளவே முடியாது. மண்ணில் விழுந்தால் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து ஓடும். பேவர் பிளாக்கில் விழுந்தால் தோல் உரியும், பல் உடையும். அடுத்த தடவை குதிக்காது. சித்திரை வைகாசியில் பத்து மணிக்கே அந்தக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊரில் கல் தரை எப்படிப் பாசி பிடித்து வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். மண் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. உங்கள் முற்றத்தில் மறுநாளே வடிந்திருந்தது. முற்றத்து வேம்பு 2011இல் வந்த 'தானே' புயலுக்கே தாக்குப்பிடித்த மரம். அதன் வேரடி வரை கல் பாவினால் அதற்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

குழந்தைகள் இறங்கும் அதே முற்றத்தில் வேன் பின்னால் எடுப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது ரோட்டில் இருக்கும் ஆபத்து அப்போது உள்ளேயே வந்துவிடும்.

அபாகஸ் மேல் எனக்குப் பகை இல்லை. விருப்பப்பட்ட பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்று நாலு வயதுக் குழந்தை நாளில் 3 மணி நேரமாவது உடம்பை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் 1 மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். நீங்கள் தந்த 40 நிமிடமே அதற்குக் குறைவு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு என்னென்ன இருக்கவேண்டும் என்ற பட்டியலில் கழிப்பறை, குடிநீரோடு சேர்த்து விளையாட்டுத் திடலையும் சொல்கிறது. உங்கள் வளாகத்தில் அந்த மண் தரையைத் தவிர வேறு திடல் இல்லை. அதில் வேன் நின்ற பிறகு எந்த இடத்தைத் திடல் என்று காட்டுவீர்கள்?

முதல் பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மோசம் என்று அடி வாங்கும். அந்தப் பிள்ளைகளைக் கயிறு இழுக்கவிட்டு, மரக்கிளையில் தொங்கவிட்டு, பூப்பறிக்க வருகிறோம் விளையாடவிட்டால் கொஞ்ச நாளில் முதுகு நிமிரும், பென்சில் கைக்கு அடங்கும். தோளும் முதுகும் உறுதியாக இல்லாமல் விரல் மட்டும் எப்படி எழுதும்? இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, 35 வருடப் பிள்ளைகள் காட்டினார்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு ஒன்பது வயதாகும்போது மைதானத்தின் நடுவைப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், நடுவில் ஆடுகிற சிறுமிகள் எத்தனை பேர் என்று. ஏழு வயதுக்குள் எறியவும் பிடிக்கவும் ஓடவும் நன்றாகத் தெரிந்த பெண் அந்த நடுவுக்குள் நுழைந்து 'எனக்கும் ஒரு ஓவர் குடு' என்று கேட்பாள். தெரியாதவள் ஓரத்திலேயே நின்றுவிடுவாள், பெரியவளான பிறகும். எங்கள் வீட்டுப் பெண்ணை அந்த ஓரத்தில் நிற்க விட எனக்கு மனம் இல்லை.

நான் கேட்பது இவை.

பேவர் பிளாக் வேலையை உடனே நிறுத்துங்கள். கேட்டிலிருந்து அலுவலக வாசல் வரை ஏற்கெனவே சிமெண்ட் தரை இருக்கிறது. வேன்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகட்டும், மற்றவை பின்பக்கச் சந்தில் காத்திருக்கட்டும். வேம்பிலிருந்து மதில் வரையுள்ள மண் தரையை எந்தக் காலத்திலும் எதற்காகவும் மூடமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். தினமும் காலையில் அதை ஒரு முறை கூட்டி, கண்ணாடித் துண்டு, கல் பொறுக்கி, தண்ணீர் தெளிக்க ஆள் போடுங்கள். புழுதிப் பிரச்சினை பெரும்பாலும் அதிலேயே தீரும். விளையாட்டு நாளில் சீருடைக்குப் பதில் பழைய சட்டை போட்டு அனுப்பப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை விளையாட்டு பீரியடைத் தினமும் திரும்ப வையுங்கள். கடைசி பீரியடாக வேண்டாம், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே வையுங்கள். நோட்டு முடிக்கவில்லை, வாய் பேசினான் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குழந்தையின் விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதிவையுங்கள். அபாகஸ் வேண்டுமென்றால் வேறு நேரத்தில், விருப்பப்பட்டவர்களுக்கு.

இரண்டு குழந்தைக்கு ஒரு பந்தாவது இருக்கட்டும். அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, துணிப்பந்து கட்டித் தர நான் தயார். சிறு வகுப்பு ஆசிரியைகளுக்கு இந்த விளையாட்டுகளை எப்படி நடத்துவது என்று சொல்லித் தரவும் நான் வருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம். தொடர்ந்து நாலு சனிக்கிழமை, காலை 9 முதல் 11 வரை எனக்கு நேரம் இருக்கிறது. முதல் சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு கிலோ கோலமாவு வாங்கி வையுங்கள்.

இந்த முடிவை எடுப்பதற்கு முன் எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஆகவே பெற்றோர் கூட்டம் ஒன்றைப் பள்ளியிலேயே, அந்த வேப்பமரத்தடியிலேயே கூட்டுங்கள். கல் இறக்க லாரி அடுத்த திங்கட்கிழமை வருகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். அதற்கு முன், ஞாயிறு சாயங்காலத்துக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் திங்கள் காலை ஏழரைக்கு நானும், இதே கருத்துள்ள மற்ற வீட்டாரும் பிள்ளைகளோடு கேட்டருகில் இருப்போம்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆயா,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.